பானிபூரி விரதம்

எங்கள் பள்ளித் தோழிகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. போன வாரம் அதில், இப்போது சென்னையில் இருக்கிற ஒருத்தி எழுதியிருந்தாள்: "நீயும் உங்க அக்காவும் அப்ப எவ்வளவு பக்தியா இருந்தீங்க! உங்களப் பாத்துத்தான் நான் வெள்ளிக்கிழமை விரதமே ஆரம்பிச்சேன். இன்னி வரைக்கும் விடல. நீ இருக்கியாடி?" அதன் கீழே மற்றவர்கள் கும்பிடுகிற கைகளாகப் போட்டுத் தள்ளியிருந்தார்கள்.

பதில் எழுத உட்கார்ந்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் அலுத்துவிட்டது. இரண்டு விரலால் தட்டி முடிகிற சங்கதி இல்லை அது. நாற்பதைத் தொட்டுக்கொண்டு, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்கிற என் வயதுக்காரர்களே, உங்களிடம் சொல்வதானால் சொல்லலாம். கையில் காசில்லாமல் பதினைந்து வயதைக் கடந்தவர்களுக்கு இது புதிதாகவும் இருக்காது.

போர்ட் பிளேயரிலிருந்து புரோத்ராபூர் போகிற பஸ்ஸில் ஏறி, மில் ஸ்டாப் என்று கேட்டால் அந்தக் காலத்துக் கண்டக்டர் இறக்கிவிடுவார். இப்போது அப்படி ஒரு ஸ்டாப் இல்லை. அங்கே ஒரு பிளைவுட் மில் இருந்தது. மில்லை ஒட்டி ஒரு சந்து. சந்தில் பாதி வீடுகள் எங்களைப் போல் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள்; மீதி பெங்காலி, தெலுங்கு, ராஞ்சிக்காரர்கள். வீட்டுக்குள் அவரவர் பாஷை, குழாயடியில் எல்லாருக்கும் இந்தி.

அப்பாவுக்கு உரிக்கிற மெஷினில் வேலை. பாராடாங் பக்கமிருந்து லாரியில் வரும் பெரிய கர்ஜன் மரத்தைச் சுழலவிட்டு, அப்பளக் கனத்துக்குத் தாள் தாளாக உரித்தெடுக்கிற மெஷின் அது. அப்பா வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் செம்பழுப்புத் தூளாக இருக்கும். ஈர மரத்தின் பிசின் வாசனை அவர் சட்டையிலிருந்து எங்கள் பள்ளிச் சீருடைக்கும், அங்கிருந்து புத்தகத்துக்கும் ஏறிவிடும். மில் சங்குதான் சந்துக்குக் கடிகாரம். காலைச் சங்குக்குக் குளியல், மதியச் சங்குக்குச் சோறு, சாயங்காலச் சங்குக்கு விளக்கு. எங்கள் வீட்டில் சுவர்க் கடிகாரமே கிடையாது.

எங்கள் விரதம் தொடங்கிய வருஷம், காட்டில் மரம் வெட்டக் கூடாது என்று கோர்ட்டு உத்தரவு வந்தது. காட்டைக் காப்பாற்றத்தான் வந்தது, அது நல்லதுதான் என்று இன்று எனக்குப் புரிகிறது. அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் லாரி வரவில்லை என்பது மட்டும்தான். முற்றத்தில் கிடந்த மரம் தீர்கிறவரை மில் ஓடியது. பிறகு ஒரு ஷிப்டு ஆனது, அப்புறம் வாரத்தில் பாதி நாள் ஆனது. கோடை விடுமுறையில் ஒருநாள் மதியச் சங்கு ஊதவில்லை. அம்மா சோற்றை வடித்து வைத்துக்கொண்டு சங்குக்காகக் காத்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. நாங்களும் பசியோடு காத்திருந்தோம். சோறு ஆறிப்போன பிறகுதான் அம்மாவுக்கு உறைத்தது.

பெரியவர்கள் யாரும் எங்களை உட்காரவைத்து மில் மூடிவிட்டது, காசில்லை என்று சொல்லவில்லை. "மில் கொஞ்ச நாளைக்கு பந்த்" என்றார்கள். மில் வாசலில் யூனியன்காரர்கள் ஓலைக் கொட்டகை போட்டார்கள். ஆண்களெல்லாம் வேலைக்குப் போவது போலவே காலையில் குளித்துவிட்டுக் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்தார்கள்.

சந்துக்குள் காசில்லை என்பது முதலில் எதில் தெரிந்தது தெரியுமா? விபூதியில்.

சந்து முனையில் செக்ரட்டேரியட்டில் வேலை பார்க்கும் க்ளார்க் ஒருவர் குடும்பத்தோடு வாடகைக்கு இருந்தார். தஞ்சாவூர்ப் பக்கம். அரசாங்கச் சம்பளம், அதற்கு எந்தக் காட்டு உத்தரவும் கிடையாது. அவருடைய மகள் அக்காவின் வகுப்பு. அவள்தான் இன்று சென்னையில் இருந்துகொண்டு விரதம் பற்றிக் கேட்கிறவள். அந்த விடுமுறையில் அவர்கள் மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறினார்கள். கப்பல் ஏறுகிற வீட்டுக்கு முந்தின சாயங்காலம் சந்து முழுவதும் போவது எங்கள் வழக்கம். "என்ன வாங்கிட்டு வரணும்?" என்று அவர்கள் கேட்கவேண்டும். நாம் ஏதாவது ஒன்றைச் சொல்லிக் காசைக் கையில் திணிக்கவேண்டும். ஒன்றும் வேண்டாம் என்று சொன்னால் அவர்களுக்கு வருத்தம், நமக்கு மரியாதைக் குறைச்சல். மற்ற வருஷங்களில் குக்கர், சுங்குடிச் சேலை, தமிழ்ப் பாட்டு கேசட், எங்களுக்கு வளையல் செட், கால் கொலுசு என்று க்ளார்க் வீட்டு அம்மாளுக்கு நினைவில் வைத்துக்கொள்ளவே முடியாது.

அந்த வருஷம் முதலில் போன தெலுங்கு வீட்டு அம்மாள், "ஒண்ணும் வேண்டாம்மா, திருச்செந்தூர் போறீங்களாமே, விபூதி போதும்" என்றாள். அடுத்துப் போனவளும் விபூதி என்றாள். எங்கள் அம்மாவும் விபூதி என்றாள். விபூதிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, ஒன்றும் கேட்கவில்லை என்ற பேரும் வராது, அவ்வளவுதான் கணக்கு. அக்கா எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கைவிரலை நெட்டி முறித்தாள். போன வருஷமே அவள் சொல்லிவைத்திருந்த முத்துக் கொலுசு பற்றி வாயே திறக்கவில்லை.

க்ளார்க் வீட்டு அம்மாள் பள்ளி திறக்கிற சமயத்தில் ஒரு பை நிறைய விபூதிப் பொட்டலத்தோடு வந்து இறங்கினாள். வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டே வந்தவள், "இந்தச் சந்து மாதிரி சாமி பக்தி உள்ள சந்தை நான் பார்த்ததில்ல" என்று உண்மையாகவே நெகிழ்ந்து போனாள். எங்கள் பக்திக்கு அவள்தான் முதல் சாட்சி.

பள்ளி போர்ட் பிளேயரில். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு விளையாட்டு, சீக்கிரம் விட்டுவிடுவார்கள். பஸ் ஸ்டாண்டில் புரோத்ராபூர் வண்டி வருகிறவரை எங்களுக்கு ராஜாங்கம். பெட்டிக்கடையில் நெயில் பாலிஷைத் திறந்து மோந்து பார்ப்போம். நடிகர் படம் போட்ட ஸ்டிக்கர் வாங்குவோம். ஆனால் அதெல்லாம் துணைக்கறிதான். சோறு என்பது பானிபூரி. பிகாரிலிருந்து வந்த ஒருவர் மூங்கில் முக்காலியில் கூடையை வைத்துக்கொண்டு நிற்பார். எல்லாருக்கும் அவர் பையா. புதினாத் தண்ணீரில் முக்கி அவர் கொடுக்கிற வேகத்துக்கு நாம் வாயில் போடவேண்டும். மூக்கில் ஏறும், கண்ணில் நீர் வரும், சீருடைத் துப்பட்டாவில் பச்சைக் கறை விழும். அந்தக் கறை இல்லாத துப்பட்டா எங்கள் வகுப்பில் யாரிடமும் இருந்ததில்லை.

நாங்கள் மில் சந்துப் பெண்கள் சிலரும் க்ளார்க் வீட்டுப் பெண்ணும் ஒரு கூட்டு. ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒருத்தியின் முறை. அவள் எல்லாருக்கும் வாங்கித் தரவேண்டும். முறை தவறினால் மானம் போய்விடும் என்று நாங்கள் நம்பினோம். அந்த வயதில் மானம் எவ்வளவு பெரிய பொருள் என்பது உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை கூலி வாங்கியதும் அப்பா எங்கள் இருவர் கையிலும் வைக்கிற காசு அதற்கென்றே போகும். பள்ளி திறந்த பிறகு அந்தக் காசு வரவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை.

முதல் வெள்ளி க்ளார்க் வீட்டுப் பெண்ணின் முறை, ஓடிவிட்டது. அடுத்த வெள்ளி அக்காவின் முறை. பையா எங்களைப் பார்த்ததும் கிண்ணங்களை எடுத்து வைத்தார். அக்கா நின்றுவிட்டாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். அவளுக்கு அப்போது பதினாறு வயது. வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி. யாரிடமும் இல்லை என்று சொல்லிப் பழகாதவள்.

"எனக்கு இன்னைக்கு வெள்ளிக்கிழமை விரதம்லா" என்றாள்.

அடுத்த வாரத்து முறைக்காரி, மில்லில் பசை காய்ச்சுகிறவரின் மகள், "எனக்குந்தாங்க்கா" என்றாள். அதற்குப் பிறகு மில் சந்து முழுவதும் விரதமாகிவிட்டது. நானும்தான். க்ளார்க் வீட்டுப் பெண் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பையில் காசு வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். "என்கிட்ட சொல்லவே இல்ல. அப்ப நானும் இருக்கேன்" என்று சொல்லிவிட்டாள். எல்லாருக்கும் தானே வாங்கித் தருகிறேன் என்று அவள் சொல்லியிருந்தால் நாங்கள் செத்தே போயிருப்போம். அவள் எங்களோடு பட்டினி கிடந்தாள்.

பையா எடுத்த கிண்ணங்களைத் திரும்ப அடுக்கினார். "க்யா பேட்டி, சப் லோக் பூஜாவாலா பன் கயா?" என்றார். எல்லாரும் பூசைக் கட்சி ஆகிவிட்டீர்களா என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். வாரம் போகப்போக அவருக்கும் சிரிப்பு குறைந்தது. மில் பெண்களை நம்பி நின்ற கூடை அது.

பையன்கள் என்ன செய்தார்கள் என்றும் சொல்லவேண்டும். சந்துப் பையன்கள் முடி வெட்டுகிற காசை மிச்சம் பிடித்தார்கள். தோள் வரை வளர்த்துவிட்டு ஸ்டைல் என்றார்கள். வீடியோ வாடகைக்கு எடுப்பதை நிறுத்திவிட்டு, சாயங்காலமெல்லாம் மதில் மேல் உட்கார்ந்து, போன வருஷம் பார்த்த படங்களை ஒருவருக்கொருவர் வசனத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். "மில் மூடினதும் பயலுவ ரவுடியாப் போயிட்டானுவ" என்று பெரியவர்கள் திட்டினார்கள். காரணம் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒன்றேதான். எங்களுக்குப் பக்தைகள் என்று பேர், அவர்களுக்குக் காலிகள் என்று பேர். பெரியவர்கள் எங்களை ஒழுங்காகப் பார்க்கவே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அவர்களுக்குப் பார்க்க நேரம் ஏது, தெம்பு ஏது.

ஆரம்பத்தில் விரதம் பஸ் ஸ்டாண்டில் மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் பழைய சோற்றில் மோர் ஊற்றி அக்காவும் நானும் அள்ளி அள்ளித் தின்போம். அது கொஞ்ச நாள்தான் நடந்தது. க்ளார்க் வீட்டுப் பெண் தன் அம்மாவிடம் சொல்ல, அந்த அம்மாள் குழாயடியில் எங்கள் அம்மாவிடம், "ரெண்டு பொண்ணும் வெள்ளிக்கிழமை பச்சத் தண்ணி குடிக்காம விரதம் இருக்காங்களாமே, குடுத்து வச்சவங்க நீங்க" என்று சொல்லிவிட்டாள். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடையாது என்பார்கள். எங்களுக்கு அது எழுத்துக்கு எழுத்துப் பலித்தது.

அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு அழுதாள். "எங்ககிட்டகூடச் சொல்லாம அப்பா வேலைக்காக விரதம் இருக்கியளாட்டி?" என்று அக்காவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அக்கா இல்லை என்று சொல்லவில்லை. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அம்மாவும் விரதம். ஆடி பிறந்ததும் செவ்வாயும் சேர்ந்துகொண்டது. பெங்காலிக் கடையில் வாங்கிவருகிற அரிசிப் பை சிறியதாகி வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அம்மா உண்மையிலேயே சாமிக்காகத்தான் இருந்தாளா, அரிசிக்காக இருந்தாளா என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன். அவளுக்கே அது பிரித்துத் தெரிந்திருக்காது.

அப்பா மட்டும் இதில் சேரவில்லை. அவர் யூனியன் ஆள். கோவில் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார். "கொட்டகையில சாப்பாடு போடுதாங்க, எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மதியம் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

ஆடியில் நல்ல மழை. கடல் கொந்தளித்துக் கப்பல் தள்ளித் தள்ளி வந்தது; வெங்காயம் கண்ணில் காண முடியவில்லை. அப்படி ஒரு மழை நாளில் ரோடு கான்ட்ராக்டர் ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பாராடாங்கில் ரோடு வேலை நடக்கிறது, ஆட்களை மேய்க்க நம்பிக்கையான ஒருத்தர் வேண்டும், கேம்ப்பிலேயே தங்கிக்கொள்ளலாம் என்றார். அப்பா கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு மரத்தைத் தவிர எதுவும் தெரியாது என்பதில் ஒரு பெருமை இருந்தது. ஆனாலும் போகத்தான் நினைத்தார். அவர் முகத்தில் அது தெரிந்தது.

அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "இங்க பாருங்க, ஆடிக் கடைசி வெள்ளி வரைக்கும் பொறுங்க. பிள்ளையோ பட்டினி கெடக்கது வீண் போவாது. மில்லு தெறந்துரும்" என்றாள்.

அப்பா எங்களைத் திரும்பிப் பார்த்தார். சாமியை நம்பாத மனுஷன். பிள்ளைகள் பட்டினி கிடப்பதை மட்டும் அவரால் தள்ளிவிட முடியவில்லை. "ஆடி முடியட்டும், சொல்லுதேன்" என்றார்.

"ரொம்ப நாள் ஆளில்லாம வச்சிருக்க முடியாதுண்ணே" என்று சொல்லிவிட்டுக் கான்ட்ராக்டர் மழைக்குள் போனார்.

அன்று சாயங்காலம் குழாயடியில் அக்கா என் கையைப் பிடித்தாள். "ஏட்டி, நாம பானிபூரிக்குக் காசில்லாமச் சொன்னதுக்கு அப்பா வேலைய விடுதாரு" என்றாள். உண்மையைச் சொன்னால் அம்மா உடைந்துவிடுவாள்; சொல்லாவிட்டால் அப்பா கையில் வந்த வேலையை விட்டுவிடுவார். அவள் மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தாள். பொய்யை மெய்யாக்கிவிடுவது. அந்த வாரத்திலிருந்து அவள் வெள்ளி, செவ்வாய் இரண்டு நாளும் எச்சில்கூட விழுங்காமல் இருந்தாள். நான் குழாயில் ஒரு கை தண்ணீர் குடித்தால் முறைத்தாள். இப்போதாவது அம்மன் கணக்கில் சேர்த்துக்கொள்ளமாட்டாளா என்று அவளுக்கு ஆசை. வகுப்பில் தூங்கி விழுந்தாள். டீச்சர் அவள் வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டு விழித்திருப்பதாகச் சொல்லி வெளியே நிற்கவைத்தார்.

எங்கள் சந்து மாரியம்மனுக்கு ஆடிக் கடைசி வெள்ளியில் பால்குடம். அந்த வருஷம் விரதம் இருக்கிற பெண்பிள்ளைகள்தான் குடம் எடுக்கவேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அந்தமானில் அந்த நாட்களில் பசும்பாலுக்கு நாம் எங்கே போவது? டப்பாப் பால்பவுடரைக் கரைத்துத்தான் பால்குடம். மில் நன்றாக ஓடிய காலத்தில் கெட்டியாகக் கரைத்தார்கள். அந்த வருஷம் வீட்டுக்கு வீடு பவுடர் குறைந்து தண்ணீர் ஏறியது. குடம் மட்டும் நிறைந்திருந்தது. தூறலில் சந்தைச் சுற்றி வந்தோம். பூசாரி ஒவ்வொரு குடமாக வாங்கி ஊற்றினார். க்ளார்க் வீட்டுப் பெண்ணின் பால் வெள்ளையாக இறங்கியது. எங்களுடையது நீலம் பாரித்து, அம்மனின் கறுத்த கல்லில் தண்ணீராக ஓடியது. பூசாரியும் மில் ஆள்தான். குடத்துக்குள் எட்டிப் பார்க்காமல் அடுத்ததை வாங்கினார்.

அப்போதுதான் அப்பாவைப் பார்த்தேன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஆண்கள் வரிசையின் கடைசியில் நின்றார். அம்மாவுக்குக் கண்கள் விரிந்துவிட்டன. அவர் கிட்டே வந்து, யாரிடமும் இல்லாமல் பொதுவாக, "இன்னைக்கு எனக்கும் விரதம்" என்றார்.

பூசை முடிந்ததும் கூழ் ஊற்றினார்கள். கேழ்வரகுக் கூழ், ஒரு கடி மோர் மிளகாய். அப்பா பாத்திரத்தை வாங்கி, புளிய மரத்தடிக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தார். ஒரே மூச்சு. திரும்பி வந்து மறுபடி வரிசையில் நின்றார். மறுபடி ஒரே மூச்சு. விரல் விட்டுப் பாத்திரத்தை வழித்தார். மூன்றாவது முறையும் போய் நின்றார். அது ஒருநாள் பட்டினி கிடந்தவர் குடிக்கிற குடி இல்லை. எனக்குத் தெரிந்தது, அக்காவுக்கு எனக்கு முன்பே தெரிந்துவிட்டது.

அவள் அப்பாவிடம் போனாள். நான் அவள் பின்னாலேயே போனேன்.

"கொட்டகையில சாப்பாடு போடலியாப்பா?"

அப்பா வாயைத் துண்டால் துடைத்தார். "அங்கயும் எல்லாரும் விரதந்தாம் மக்கா."

அக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். "நாங்க சாமிக்கு விரதம் இருக்கலப்பா. பானிபூரி வாங்கிக் குடுக்க என் முறை வந்துச்சு, காசில்ல, அதுக்குச் சொன்னேன். மில்லு தெறக்காதுப்பா. நீங்க அந்த ரோடு வேலைக்குப் போயிருங்க."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"பானிபூரின்னா என்னது?"

"சின்னப் பூரிப்பா. மேல ஓட்ட போட்டு, உள்ள கெழங்கு வச்சு, புளிப்பா உறைப்பாத் தண்ணி ஊத்தித் தருவாங்க."

"தண்ணிக்கா இந்தப் பாடு?" என்று அப்பா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஈரக் கையை அக்காவின் தலையில் வைத்தார். "உங்க அம்மாகிட்ட மட்டும் இதச் சொல்லிராதீங்க. அவ இந்த ஒண்ணப் பிடிச்சுக்கிட்டுத்தான் எந்திரிச்சு நடமாடுதா."

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து அவர் கான்ட்ராக்டரைப் பார்க்கப் போனார். இரண்டு நாள் முன்னால்தான் வேறு ஆளைப் போட்டேன், உங்களுக்காக இவ்வளவு நாள் பார்த்தேன் என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டாராம். அப்பா திரும்பி வரும்போது மத்தியானம். வந்தவருக்கு அம்மா மோர் கொடுத்தாள். எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை.

மில் திறக்கவே இல்லை. கொட்டகை ஓலை மட்கி விழுந்தது. பசை காய்ச்சுகிறவர் குடும்பம் ஊருக்கே கப்பல் ஏறிவிட்டது. அவர்கள் கிளம்பிய அன்று யாரும் எதுவும் வாங்கிவரச் சொல்லவில்லை, அவர்கள் திரும்பி வரப்போவதில்லை. தீபாவளிக்கு முன்னால், பூட்டிய மில்லையும் மெஷின்களையும் காவல் காக்க ஒரு ஆள் வேண்டும் என்று முதலாளி வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அப்பா போனார். தான் ஓட்டிய மெஷின் துருப்பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு சாகிறவரை வாட்ச்மேனாக இருந்தார். அதற்குப் பிறகு அவர் சட்டையில் மர வாசனை வந்ததே இல்லை.

ஆனால் அம்மா சந்து முழுவதும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள். "அம்மன் கண்ணத் தெறந்துட்டா. அதே மில்லுல வேல" என்றாள். அக்காவும் நானும் தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் வீடு வீடாகப் போனோம்.

அம்மா இப்போது அக்கா வீட்டில் இருக்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம் தன் மூத்த மகளின் விரத மகிமையைச் சொல்கிறாள். அக்காவுக்குக் குடலில் புண். வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். நல்ல வேலை, நல்ல சம்பளம், சொந்த வீடு. இன்றும் வெள்ளிக்கிழமை அவள் சாப்பிடுவதில்லை. "அம்மா இருக்கது வரைக்கும்ட்டி" என்கிறாள். எனக்கு அந்தத் தெம்பு இல்லை. கல்யாணமான முதல் வெள்ளியே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மூக்கில் ஏற ஏறப் பானிபூரி தின்றேன். வேறு யாரோ விற்றார்கள். பையா எப்போதோ போய்விட்டார்.

சென்னைக்காரிக்கு இதையெல்லாம் எப்படி எழுதுவது? அவள் எங்களை நம்பி இத்தனை வருஷம் பட்டினி கிடக்கிறாள். அதனால் தனக்கு எல்லாம் நல்லதாகவே நடந்தது என்றும் எழுதியிருக்கிறாள். நடந்திருக்கலாம். நானும் ஒரு கும்பிடுகிற கையைப் போட்டுவிட்டு போனை வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையில் என் மகளின் குரல் கேட்டது. என் கணவர் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். இந்த வருஷம் ஆள் வரத்து இல்லை. வேன் வாசலில் வாதாம் மரத்தடியில் நிற்கிறது, கண்ணாடியில் சருகு விழுந்து கிடக்கிறது. நாங்கள் மகளிடம் எதுவும் சொல்லவில்லை. சீசன் கொஞ்சம் டல் என்று மட்டும் சொன்னோம். அவளுக்குப் பதினைந்து வயது. தோழிகளோடு சனிக்கிழமை கடற்கரைப் பக்கத்து கஃபேக்குப் போவாள், பர்கர் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவாள்.

"நான் வரலடி, நீங்க போங்க. டயட்ல இருக்கேன்" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று காலையில் அவள் ஆறு இட்லி சாப்பிட்டிருந்தாள். நான் எழுந்துபோய்க் கதவருகே நின்றேன். எத்தனையோ சொல்ல வந்தது. அம்மா அன்று அக்காவின் கன்னத்தைப் பிடித்தது போல அவள் கன்னத்தைப் பிடிக்கவும் பயமாக இருந்தது.

"எத்தன நாளைக்கு இந்த டயட்?" என்று சாதாரணமாகக் கேட்டேன்.

அவள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சீசன் வர்ற வரைக்கும்மா" என்றாள்.